புக் அவுட் ஆனா நேரா பரோட்டாக் கடை

"ஆர்மிக்குப் போயிட்டு வந்தாத்தான் பையன் மனுஷனாவான்." சிங்கப்பூர்ல தமிழ் வீட்ல பொறந்த எந்தப் பையனும் இந்த வரியைக் கேக்காம 18 வயசைத் தாண்டியிருக்க மாட்டான். ஆர்மின்னு சொல்றது இங்க பசங்களுக்குக் கட்டாயமான தேசிய சேவையை, சுருக்கமா என்எஸ். போன தீபாவளிக்குப் பெரியம்மா வீட்ல மறுபடியும் கேட்டேன், இந்தத் தடவை எனக்கில்ல, ஜனவரியில அடிப்படைப் பயிற்சிக்குத் தெக்கோங் தீவுக்குப் போகப்போற சின்னப் பையனுக்கு. சொன்ன மாமா அதோட நிறுத்தல. "பழைய கூட்டாளிங்கள்லாம் அத்தோட கழண்டுக்குவானுங்க, அதெல்லாம் ஒண்ணுமில்ல, உள்ள புதுசா கிடைப்பானுங்க" அப்படின்னு முறுக்கைக் கடிச்சுக்கிட்டே சொல்லிட்டு டிவி பக்கம் திரும்பிட்டாரு. பையனும் சரி சரின்னு தலையாட்டிட்டான். எனக்குத்தான் வீட்டுக்கு வந்தும் அடங்கல. முதல் வரியை நான் பாதி நம்புறேன். ரெண்டாவது வரியை முழுசா நம்பல, ஆனா ஏன் நம்பலன்னு அந்த நிமிஷம் அவருக்குப் பதில் சொல்ல வாய் வரல. அதான் இந்த நீளப் பதிவு.

மாமா என்எஸ் செஞ்சது ரெண்டரை வருஷம். 2004லதான் அதை ரெண்டு வருஷமா குறைச்சு அறிவிச்சாங்க, அதனால எங்க செட்டைப் பாத்தாலே "நீங்கள்லாம் அரை வருஷம் தள்ளுபடியில போனவனுங்க"ன்னு ஒரு நக்கல் வரும். 1967ல சட்டம் வந்ததுலேர்ந்து ஒவ்வொரு செட்டும் அடுத்த செட்டைப் பாத்து இதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கு. எங்களுக்கு அப்புறம் வந்த பசங்க கேம்புக்குள்ள கேமரா ஃபோனே வெச்சுக்கலாம்னு ஆனப்போ நானும் இதே நக்கலைத்தான் அடிச்சேன், மறைக்க ஒண்ணுமில்ல.

நாங்க போனது 2010 ஜனவரி. ஃபோன்ல கேமரா இருந்தா உள்ள விடமாட்டாங்க, அதனால எல்லாப் பயலும் கேமரா இல்லாத பழைய நோக்கியாவைத் தேடி அலைஞ்ச காலம். அம்மா அப்பா ஃபெரியில கூடவே வந்து, உறுதிமொழி எடுக்குறதைப் பாத்து, குக்ஹவுஸ்ல சாப்பிட்டுட்டு, "பரவால்ல, சோறு நல்லாத்தான் இருக்கு"ன்னு ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்லிக்கிட்டே திரும்பிப் போவாங்க. அவங்க கிளம்பினதும் தலை போத்தாக், மொட்டை. அப்பல்லாம் பிங்க் ஐசியை, நம்ம அடையாள அட்டையை, வாங்கி வெச்சுக்கிட்டு லெவன் பிங்கிற ராணுவ அட்டையைக் குடுத்துருவாங்க. முதல் ரெண்டு வாரம் வீட்டுக்கு விடவும் மாட்டாங்க. இதெல்லாம் இங்க வாழ்றவங்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்ல.

நான் யோசிச்சுப் பாத்தேன், உள்ள என்னத்தைக் கத்துக்கிட்டோம்னு. மெத்தை விரிப்புல சுருக்கம் இல்லாம மடிக்கிறது, சப்பாத்துக்கு கிவி தேய்ச்சு முகம் தெரியுற அளவுக்குப் பாலிஷ் போடுறது, மழையில மண்ணுக்குள்ள ஷெல் ஸ்க்ரேப்னு ஆள் படுக்குற அளவுக்குப் பள்ளம் தோண்டி அதுலயே தூங்குறது, குளிக்காம பவுடரைக் கொட்டிக்கிட்டே நாளை ஓட்டுறது, நம்ம மேல தப்பே இல்லன்னாலும் "யெஸ் சார்ஜென்ட்"னு சொல்லிட்டு நிக்கிறது. எல்லாம் உபயோகமானதுதான், இல்லங்கல. ஆனா அதுல எங்க இருக்கு பெரியவனாகுறது? எப்பச் சாப்பிடணும், எப்பத் தூங்கணும், முடி எவ்ளோ நீளம் இருக்கணும், எல்லாத்தையும் வேற ஒருத்தர் முடிவு பண்றாங்க. அம்மா மடியில இருந்தப்பக் கூட எனக்கு அவ்ளோ கம்மி பொறுப்பு இருந்ததில்ல. வாரம் பூரா நமக்குன்னு இருந்த ஒரே முடிவு, சனிக்கிழமை புக் அவுட் ஆகி வெளிய வர்றதுலேர்ந்து ஞாயித்துக்கிழமை ராத்திரி புக் இன் பண்ணித் திரும்ப உள்ள போற வரைக்கும் இருக்குற நேரத்தை யாருக்குக் குடுக்குறதுங்கிறதுதான். அம்மாவுக்குக் குடுக்கணும், தூக்கத்துக்குக் குடுக்கணும், காதலி இருக்குறவன் அங்கயும் குடுக்கணும், மிச்சம் இருந்தா கூட்டாளிங்களுக்கு. பாசிர் ரிஸ் இன்டர்சேஞ்சுல பஸ்ஸ விட்டு எறங்கி, பச்சை பேக்கைத் தூக்கிக்கிட்டு, எந்தப் பக்கம் நடக்குறதுன்னு நிக்கிற அந்த ரெண்டு நிமிஷம் இருக்கே, அதுலதான் நான் கொஞ்சமாவது வளந்தேன்னு தோணுது.

தமிழ் வகுப்புக் கூட்டம்

நாங்க ஒரே ஸ்கூல், ஆனா வேற வேற கிளாஸ். தாய்மொழிப் பாடத்துக்கு மட்டும் எல்லா கிளாஸ்லேர்ந்தும் தமிழ்ப் பசங்களைப் பொறுக்கி ஒரு ரூம்ல போடுவாங்க இல்லையா, அங்க ஒட்டிக்கிட்ட கூட்டம். பேரெல்லாம் வேண்டாம், பட்டப்பேர் போதும். நெட்டை, டாக்டர் (படிச்சதுனால இல்ல, ஆஸ்துமாவுக்கு எம்சி, அதாவது மெடிக்கல் லீவு சீட்டு, வாங்கி வாங்கியே வந்த பேரு), பாய், நான். அப்புறம் ஒரே ஒரு பொண்ணு, அவளை அக்கான்னு கூப்புடுவோம். அக்கா எங்க வயசுதான். நாங்க உள்ள இருக்கும்போது அவ என்யுஎஸ் யுனிவர்சிட்டியில சேந்துட்டா, நாங்க வெளிய வந்து முதல் வருஷத்துல போய் உக்காந்தப்போ அவ மூணாவது வருஷம், அதுலேர்ந்துதான் அந்தப் பேரு.

இன்னொருத்தனும் இருந்தான். அவனை இந்தக் கணக்குல சேக்குறதா வேண்டாமான்னு எனக்கு இன்னிக்கும் குழப்பம். அவன் குடும்பம் பிஆர், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிங்க. பதினாறரை வயசுல என்எஸ்க்குப் பதிவு பண்ணணும்ங்கிற பேச்சு வர்றதுக்கு முன்னாடியே பிஆரைத் திருப்பிக் குடுத்துட்டு சென்னைக்குப் போயிட்டாங்க. அவன் ப்ளஸ் டூ அங்க. பின்னாடி இங்க வேலைக்கோ படிப்புக்கோ திரும்ப வரணும்னா அது அவனுக்கு எதிரா நிக்கும்னு தெரிஞ்சேதான் போனாங்க, வீட்டுக் கஷ்டம் என்னன்னு நமக்குத் தெரியாது, தீர்ப்பு சொல்ல எனக்கு ஆசையும் இல்ல. ஆனா அவன்கூட மட்டும் பேச்சு நின்னு போச்சு. ஒரு தடவை சென்னை போனப்போ பாத்தேன், நல்லாத்தான் பேசினான், சாப்பாடு வாங்கிக் குடுத்தான், கடைசியில "ரெண்டு வருஷத்தை வேஸ்ட் பண்ணிட்டீங்களேடா"ன்னு ஒரு வார்த்தை. அவன் சொன்னது பொய்யும் இல்ல, அதே வார்த்தையை நாங்களே ஆயிரம் தடவை எங்களுக்குள்ள சொல்லியிருக்கோம். அவன் வாயிலேர்ந்து வந்தப்போ மட்டும் சுருக்குன்னுச்சு. மாமா சொன்னதுக்கு ஆதாரம் வேணும்னா இவன்தான், ஆனா கழண்டது உள்ள போனதால இல்லையே, போகாததால ஆச்சு.

மத்த மூணு பேருக்கும் எங்க போஸ்டிங்னு அவங்க கையில இல்ல. நெட்டைக்குப் போலீஸ், ஹோம் டீம் அகாடமியில பயிற்சி முடிச்சு நெய்பர்ஹுட் போலீஸ் சென்டர்ல போட்டாங்க. டாக்டருக்கு ஏர்கான் ரூம்ல கிளார்க் வேலை, அதுக்கு நாங்க ஓட்டாத ஓட்டமில்ல. பாய்க்கு சிவில் டிஃபென்ஸ், தீயணைப்பு. நான் காலாட்படை, பேச்சுல பெரிய கெத்து, நிஜத்துல வாரத்துல பாதி நாள் புல்லு வெட்டுனது. அடிப்படைப் பயிற்சி முடிஞ்சு மார்ச் மாசம் 24 கிலோமீட்டர் நடந்து மரினா பே மிதக்கும் மேடையில தொப்பியைத் தூக்கிப் போட்டப்போ என் அப்பா அழுதாரு, எனக்கு அழுகை வரல, கால்ல கொப்புளம். அதே மாசம் ஏ லெவல் ரிசல்ட் வாங்க ஸ்கூலுக்குப் போனோம், ஹால் பூரா போத்தாக் தலைங்க, டீச்சருக்கே யார் யாருன்னு தெரியல, அக்கா மட்டும் எங்க தலையை வரிசையா தடவிப் பாத்துட்டு "நல்லா வழவழன்னு இருக்குடா"ன்னா.

சனிக்கிழமை ராத்திரி ஈசூன்ல ஒரு பரோட்டாக் கடை, அதான் எங்க இடம். முட்டைப் பரோட்டா, தே ஹாலியாங்கிற இஞ்சி டீ. கையில மாசம் நானூத்துச் சொச்ச வெள்ளி, அதுக்கு அந்தக் கடைதான் கட்டுப்படியாகும். வர முடிஞ்சவன் வருவான், வராதவனை யாரும் ஏன்னு கேக்க மாட்டோம். பாய்க்கு 24 மணி நேரம் வேலை, ரெண்டு நாள் ஓய்வுன்னு சுத்து வரும், அதனால எங்களுக்கு லீவு இருக்கும்போது அவன் ஸ்டேஷன்ல இருப்பான், அவன் வீட்ல சும்மா படுத்திருக்கும்போது நாங்க காட்டுல இருப்போம். செவ்வாக்கிழமை மத்தியானம் "மச்சான், கத்திரி வெயில், எங்கடா இருக்க"ன்னு ஒரு எஸ்எம்எஸ் போடுவான், அதை நான் வெள்ளிக்கிழமை ராத்திரி பாப்பேன், "காட்டுல"ன்னு பதில் போடுவேன். இதையும் பேச்சு வார்த்தைன்னுதான் சொல்லணும்.

முதல் ஆறு மாசம் யார் கஷ்டம் பெரிசுன்னு போட்டி. நான் ஃபீல்டு கேம்ப் கதை சொல்லுவேன், அப்புறம் புருனைக் காட்டு அட்டைக் கதை. அதை எத்தனை தடவை சொன்னேன்னு எனக்கே வெறுத்துப் போச்சு, ஒவ்வொரு தடவையும் அட்டை கொஞ்சம் கொஞ்சமா பெரிசாகிட்டே போச்சு. டாக்டர் ஃபைல் கதை சொல்லுவான், எல்லாரும் அவன் மேல பரோட்டாவைப் பிச்சு எறிவோம். நெட்டை கொஞ்சம் கொஞ்சமா கதை சொல்றதைக் குறைச்சுக்கிட்டான். ஈசூன்லயே வளந்தவன், ரோந்து போற ஏரியாவும் அதுக்குப் பக்கம், ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த ப்ளோக்ல எந்தக் கதவைத் தட்டினான்னு எங்ககிட்டச் சொன்னா அதுல எங்களுக்குத் தெரிஞ்ச வீடே இருக்கும். பாய் ஆரம்பத்துலேர்ந்தே சொல்ல மாட்டான். "என்னடா, நெருப்பு அணைச்சியா?"ன்னா, "குப்பைத்தொட்டி மச்சான், எப்பப் பாத்தாலும் குப்பைத்தொட்டிதான்"னுவான். நாங்களும் அவனைக் குப்பைத்தொட்டி வீரன்னு ஓட்டுவோம்.

பார்பிக்யூ

இப்ப நான் சொல்ல வந்த இடத்துக்கு வர்றேன். ரெண்டு வருஷம் முடியப்போற சமயம், பாயோட ஸ்டேஷன் பசங்க ஈஸ்ட் கோஸ்ட்ல ஒரு பார்பிக்யூ போட்டாங்க, ஓஆர்டி, அதாவது என்எஸ் முடியுற கொண்டாட்டம். பழைய கூட்டாளிங்களையும் கூட்டிட்டு வான்னு சொல்லியிருக்காங்க, போனோம். அங்கதான் முதல் தடவை அவனோட இன்னொரு கூட்டத்தைப் பாக்குறேன். பாய் அங்க வேற ஆளு. எங்ககிட்ட எப்பவும் கடைசியா வாயைத் திறக்குறவன் அங்க எல்லாருக்கும் கோழியைத் திருப்பிப் போட்டுக்கிட்டு, சின்னப் பசங்களை அதட்டிக்கிட்டு, ஒரு அண்ணன் மாதிரி இருந்தான். எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்துச்சுன்னு சொல்றதுல வெக்கம் ஒண்ணுமில்ல.

அவன்கூட ஒரே வண்டியில போற மலாய்க்காரப் பையன் ஒருத்தன் என் பக்கத்துல உக்காந்து கோழி சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். நல்ல பையன். சும்மா பேச்சு வாக்குல, "அந்த பிஐஇ எக்ஸ்பிரஸ்வே ஆக்சிடென்டுக்கு அப்புறம் இவன் எப்படி மீண்டு வந்தான்னு நாங்க இன்னிக்கும் பேசிக்குவோம், நீங்கள்லாம் கூட இருந்திருப்பீங்க, அதான்"ன்னான். எனக்கு என்ன ஏதுன்னு புரியல. புரியலன்னு காட்டிக்கவும் தோணல, ம்ம் கொட்டினேன். அவன் மேல சொன்னதை நான் இங்க எழுதப் போறதில்ல. ஒரு கார், அதுக்குள்ள ஒரு குழந்தை, அதைத் தூக்கினது பாய், அவ்ளோ போதும். அன்னிக்கு ஸ்டேஷன் திரும்பினதும் நாலு பேர் அவன்கூடவே விடியுற வரைக்கும் உக்காந்திருந்தாங்களாம், அவன் பேசிக்கிட்டே இருந்தானாம், அழுதானாம். காலையில டியூட்டி மாறினதும் "வீட்டுக்குப் போ, தூங்கு"ன்னு அனுப்பி வெச்சாங்களாம்.

எந்த நாள்னு கேட்டேன். அவன் சொன்ன அடையாளத்தை வெச்சு மனசுக்குள்ள கணக்குப் போட்டுப் பாத்தேன். அது ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. சனிக்கிழமை காலையில டியூட்டி முடிச்ச பாய் வீட்டுக்குப் போய்த் தூங்கல. சாயங்காலம் நெட்டை வீட்டுக்கு வந்தான். எங்களுக்கு முன்னாடியே வந்து, நெட்டையோட அம்மா குடுத்த பலகாரத்தைத் தின்னுட்டு, ப்ளேஸ்டேஷன்ல ஃபிஃபா போட்டு வெச்சிருந்தான். அன்னிக்கு விடியக்காலை மூணு மணி வரைக்கும் ஆடினோம். அவன் என்கிட்ட அஞ்சுக்குப் பூஜ்யம்னு தோத்தான், தோத்துட்டு கன்ட்ரோலர் சரியில்லன்னு சண்டை போட்டான், உண்மையான சண்டை, கெட்ட வார்த்தையெல்லாம் வந்து நெட்டையோட அப்பா ரூமுக்குள்ளேர்ந்து கத்துற அளவுக்கு. அப்புறம் பரோட்டாக் கடை. குப்பைத்தொட்டி வீரன்னு அன்னிக்கும் ஓட்டினோம், சிரிச்சான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா அந்த அஞ்சு கோலை நான் வருஷக்கணக்கா சொல்லிக் காட்டிக்கிட்டு இருந்தவன்.

பார்பிக்யூவுலேர்ந்து வீட்டுக்கு வர்ற வழியில எனக்கு முதல்ல வந்தது கோவம். ஏழு வருஷக் கூட்டாளி நான், ஒன்றரை வருஷமா தெரிஞ்சவன்கிட்ட அழுதிருக்கான், என்கிட்ட வந்து கன்ட்ரோலருக்குச் சண்டை போட்டிருக்கான். அப்ப நாங்க யாரு? மாமா சொன்னது சரிதானோன்னு ஓடுச்சு, பெரிய விஷயமெல்லாம் புதுக் கூட்டத்துக்கு, எங்களுக்குப் பரோட்டாவும் தே ஹாலியாவும் மட்டும். டாக்டர்கிட்டச் சொன்னேன், அவன் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அவனுக்குப் பேச ஆள் வேணும்னா அங்க நாலு பேர் இருந்தாங்கடா. அஞ்சு கோல் வாங்கித் தோக்குறதுக்கு எங்க போவான்?"ன்னு கேட்டான். டாக்டர் எப்பவாவதுதான் உருப்படியா பேசுவான்.

அந்தக் கேள்வியை நான் இத்தனை வருஷமா விடல. அவனுக்கு அன்னிக்கு எங்ககிட்டேர்ந்து வேணும்னு இருந்தது எங்களுக்கு விஷயம் தெரியாம இருக்குறதுதான். ஸ்டேஷன்ல அவனைப் பாக்குற ஒவ்வொரு கண்ணுலயும் அந்த ராத்திரி இருக்கும். எங்க கண்ணுல இருந்தது பதிமூணு வயசுல திருக்குறள் ஒப்பிக்கத் தெரியாம பெஞ்சு மேல நின்ன பாய் மட்டும்தான். அவன் அந்தப் பயலா இன்னும் ஒரு ராத்திரி இருக்கணும்னு வந்திருக்கான். நாங்க ஏதாவது கண்டுபிடிச்சு, தோள்ல கை போட்டு, "என்னாச்சு மச்சான், மனசுவிட்டுச் சொல்லு"ன்னு கேட்டிருந்தா அந்த ஒரு இடமும் அவனுக்குப் போயிருக்கும். இப்பல்லாம் எங்க பாத்தாலும் மனசுவிட்டுப் பேசுங்க, பேசுனாத்தான் நட்புன்னு சொல்றாங்க. பேச வேண்டியவங்ககிட்ட அவன் பேசிட்டுத்தான் வந்தான், அதையும் மறந்துரக் கூடாது. பேச ஆளே இல்லாம எங்ககிட்ட வந்து சிரிச்சிருந்தான்னா இந்தக் கதையே வேற, அப்ப நான் இப்படி எழுத மாட்டேன்.

ஆனா எனக்கு இன்னமும் ஒரு உறுத்தல். இது ஆம்பளைங்க நமக்கு நாமே சொல்லிக்கிற ஒரு வசதியான கதையோ? அக்காகிட்ட இதைச் சொன்னப்போ அவ ஒரேயடியா, "நீங்க நாலு பேரும் பேசத் தெரியாதவனுங்க, அதுக்கு ஒரு தத்துவம் வேற"ன்னுட்டா. அவளுக்கும் ஒரு கணக்கு இருக்கு. நாங்க உள்ள இருந்த ரெண்டு வருஷம் அவ தனியா காலேஜ், தனியா பார்ட் டைம் வேலை, வீட்ல ஆயிரம் பிரச்சனை, அதுல ஒண்ணைக் கூட எங்ககிட்ட வாயே திறக்கல. சனிக்கிழமை வந்தா எங்க அட்டைக் கதையைக் கேட்டுக்கிட்டு இருந்தா. ஏன் சொல்லலன்னு பின்னாடி கேட்டேன். "நீங்க அவ்ளோ டயர்டா வருவீங்க, அதுல இது வேறயா"ன்னா. ஆக பாய் செஞ்சதையேதான் அவளும் செஞ்சிருக்கா, ஆனா பாய்க்கு அங்க நாலு பேர் இருந்தாங்க, அவளுக்கு யாரு இருந்தாங்கன்னு தெரியல. அந்த ரெண்டு வருஷத்துல யார் யார் பெரியவங்க ஆனாங்கன்னு கேட்டா நான் முதல்ல அவ பேரைத்தான் சொல்லுவேன், அவளை ஒரு சார்ஜென்டும் அதட்டினதில்ல. மாமாவோட முதல் வரியை நான் பாதிதான் நம்புறதுக்குக் காரணமும் அதான்.

இப்ப எங்களுக்கு ரிசர்விஸ்டும், அதாவது என்எஸ் முடிச்ச அப்புறமும் திரும்பப் போற பயிற்சியும், முடியுற கட்டம். அந்தப் பயிற்சிக்கு இன்கேம்ப் போனா பழைய யூனிட் பசங்களைப் பாப்பேன், தொப்பை, கடன், புள்ளைங்க ஸ்கூல்னு பேச்சு ஓடும், ஐபிபிடிங்கிற உடல்தகுதி டெஸ்ட்ல ஓடி முடிச்சு மூச்சு வாங்க உக்காந்தா போன வருஷம் விட்ட இடத்துலேர்ந்து தொடரும், நல்லாத்தான் இருக்கும். கேட்டைத் தாண்டினா அடுத்த வருஷம் வரைக்கும் ஒருத்தனுக்கொருத்தன் மெசேஜ் கிடையாது. அதுவும் ஒரு மாதிரி நட்புதான், குறை சொல்லல. பாய் கூட்டத்துக்கு மட்டும் அது வேற, அந்த மலாய்க்காரப் பையன் பாயோட கல்யாணத்துல எங்களை விட அதிகமா ஓடியாடி வேலை பாத்தான். நாங்க பந்தியில உக்காந்து பிரியாணியை வெட்டினோம்.

போன மாசம் தேக்காவுல பாயையும் அவன் பொண்டாட்டியையும் பாத்தேன். அவன் மீன் வாங்க உள்ள போன நேரத்துல அந்தப் பொண்ணு என்னைக் கேட்டுச்சு, "அண்ணே, இவரு என்எஸ்ல என்னதான் பண்ணாரு? கேட்டா குப்பைத்தொட்டி குப்பைத்தொட்டின்னே சொல்றாரு." சொல்லலாமா வேண்டாமான்னு எனக்கு அங்க யோசனையே வரல. சொல்லணும்னா அவன்தான் சொல்லணும், அவன் பொண்டாட்டிகிட்ட ஒருநாள் சொல்லுவான்னும் நெனைக்கிறேன். "ஸ்டேஷன்ல முறை வெச்சு சமைப்பாங்கம்மா, பாய் மீ கோரெங் போட்டா மொத்த ஸ்டேஷனும் வந்து நிக்குமாம்"னேன். அது கையை இடுப்புல வெச்சுக்கிட்டு மீன் கடைப் பக்கம் திரும்பிச்சு. "அப்படியா? வீட்ல ஒரு முட்டை உடைக்கச் சொன்னா உடைக்கத் தெரியாதுங்கிறாரு!"